உடலுக்குள் ஒரு மின்கருவி: 1958

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறையை எட்டாமல் தடைபடும் நிலை இதய அடைப்பு எனப்படும்; அப்போது துடிப்பு வெகுவாகக் குறைந்து, மூளைக்குக் குருதி போதாமல் நோயாளி திடீரென மயங்கி விழுவார். 1950களில் இதற்குப் பயன்பட்ட, மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கச் செய்யும் பேஸ்மேக்கர்கள் உடலுக்கு வெளியே இருந்தன. அவற்றுள் பல சுவரிலுள்ள மின்இணைப்பை நம்பியிருந்ததால், நோயாளியின் நடமாட்டம் கம்பியின் நீளத்தோடு முடிந்தது. தோலைத் துளைத்துச் செல்லும் கம்பி வழியே கிருமியும் புகுந்தது.

சுவீடனில், இதய அடைப்பால் நாள்தோறும் பலமுறை மயங்கிவந்த ஆர்னே லார்சன் என்பவரின் மனைவி எல்ஸ்-மரீ விடாது வற்புறுத்தியதன் பேரில், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் டிரான்சிஸ்டர் சுற்றையும் நிக்கல்-காட்மியம் மின்கலத்தையும் எபாக்சி பிசினில் பொதிந்து, உடலுக்குள்ளேயே வைக்கத்தக்க ஒரு பேஸ்மேக்கர் கருவியை உருவாக்கினார். அதற்கு அச்சாக அமைந்தது காலணி மெருகு அடைக்கப்பட்டு வந்த சாதாரணத் தகர டப்பா. 1958 அக்டோபர் 8 அன்று, கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் அதனை லார்சனின் வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்தினார். அது சில மணி நேரமே இயங்கியது. மாற்றாக வைக்கப்பட்டதும் நெடுநாள் நீடிக்கவில்லை. மின்கலத்தை உடலுக்கு வெளியிலிருந்து மின்காந்தத் தூண்டல் மூலம் மின்னேற்ற வேண்டியிருந்ததும் தொல்லையே.

கருவியின் உண்மையான பலவீனம் மின்கலந்தான். 1970களில் லித்தியம்-அயோடின் மின்கலம் வந்த பின்னரே ஆயுள் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், தம்மைக் காத்த பொறியாளரும் மருத்துவரும் மறைந்த பின், 2001இல் தமது 86ஆம் வயதில், இதயத்தோடு தொடர்பில்லாத தோல் புற்றுநோயால் இறந்தார்.