மூத்த மகளின் பங்கு

பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் சமமான சொத்துரிமை வேண்டுமெனச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929-இல் தீர்மானம் இயற்றியது. அறுபது ஆண்டுகளில் தமிழகம் அதைச் சட்டமாக்கிற்று எனப் பெருமிதம் கொள்ளும் நாம், அச்சட்டத்தின் வாசகத்தைப் படித்ததுண்டா?

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கை ஆண்மக்களுக்கே விட்டுவைத்தது. தமிழகத் திருத்தம் அதை மகள்களுக்கும் நீட்டியது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விலக்கியது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளும் தங்கையும், தாலி ஏறிய தேதியால் இரு வேறு சாதியாயினர். அண்ணன் எப்போது மணந்தான் என்று எவரும் கேட்கவில்லை. சீர் செய்து அனுப்பியதோடு மகளின் கணக்கு முடிந்தது என்னும் ஊர் வழக்கம் சட்டத்தின் மொழியில் பேசியதாகவே நாம் கருதுகிறோம்.

2005 செப்டம்பர் 9-இல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அவ்விலக்கு இல்லை. அன்று தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை இவை தொடுவதில்லை. தொண்ணூறுகளில் அண்ணன் தம்பியர் பத்திரம் பதிந்து பிரித்துக்கொண்ட நிலத்தில், அந்த அக்காளுக்கு இன்றும் பிறப்புரிமைப் பங்கு கிடையாது.