படகில் எரிபொருள் நாற்றம் நீக்கல்

படகில் எரிபொருள் நாற்றம் நீக்கல் என்பது, இயந்திரப் படகுகளில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் முதலிய எரிபொருள்கள் கசிந்த பின்னர் படகினுள் தங்கும் நாற்றத்தை, அதன் மூலத்தைக் கண்டறிந்து அகற்றும் பணி ஆகும். இந்நாற்றம் காற்றில் எரிபொருள் ஆவி கலந்துள்ளது என்பதற்கான அறிகுறியாகும். எனவே நறுமணப் பொருள்களால் நாற்றத்தை மறைப்பது தீர்வாகாது. கசிவை நிறுத்துதல், ஆவியை வெளியேற்றுதல், தேங்கிய எரிபொருளை உறிஞ்சி எடுத்தல், எஞ்சிய எண்ணெய்ப் படலத்தைக் கழுவுதல் என்னும் வரிசையில் இப்பணி செய்யப்படுகின்றது. கழுவிய நீரை ஏரியிலோ கடலிலோ விடாமல் சேகரிப்பதும் இதன் ஒரு பகுதியாகும்.

நாற்றத்தின் இயல்பு

எரிபொருள்கள் பல்வேறு ஐதரோகார்பன்களின் கலவைகள் ஆகும். பெட்ரோலில் உள்ள இலகுவான சேர்மங்கள் விரைவில் ஆவியாகின்றன. டீசலும் மண்ணெண்ணெயும் மெதுவாகவே ஆவியாகும். ஆகையால் பெட்ரோல் நாற்றம் தொடக்கத்தில் கடுமையாக இருந்து சில நாட்களில் குறைகின்றது. டீசல் நாற்றம் அவ்வளவு கடுமையாக இல்லாவிடினும் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும்.

இரட்டை வீச்சு இயந்திரங்களில் பெட்ரோலுடன் மசகு எண்ணெய் கலந்து பயன்படுத்தப்படுகின்றது. இக்கலவை கசியும்போது பெட்ரோல் ஆவியாகிவிட, எண்ணெய் மட்டும் மெல்லிய படலமாகத் தங்கி நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. காற்றோட்டத்தால் மட்டும் இத்தகைய நாற்றம் நீங்காமைக்கு இதுவே காரணம்.

மனித மூக்கு பெட்ரோல் ஆவியை மிகக் குறைந்த அளவிலேயே உணரவல்லது. ஆயினும் தொடர்ந்து நுகரும்போது மூக்கு பழகிப்போய் உணர்வை இழக்கின்றது. படகிலேயே நெடுநேரம் இருப்பவருக்கு நாற்றம் தெரியாமல் போகலாம். புதிதாக ஏறுபவருக்கு உடனே தெரியும். எனவே நாற்றம் நின்றுவிட்டதா என்பதை, சற்று நேரம் வெளிக்காற்றில் இருந்துவிட்டு வந்த ஒருவரே சோதிக்க வேண்டும்.

ஆபத்துகள்

காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை இருக்கும்போது ஒரு சிறு பொறியால் அது தீப்பற்றக்கூடும். பெட்ரோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ −40 °செ. ஆகையால் எவ்வளவு குளிரான நாளிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியைத் தருகின்றது. மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றின் தீப்பற்றுநிலை பொதுவாக 35 °செ-க்கு மேல் ஆகும். எனவே அவை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. எனினும் சூடான இயந்திரத்தின் மீது கசிந்தால் அவையும் தீப்பற்றும்.

பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று முதல் நான்கு மடங்கு அடர்த்தியானது. தரையில் நிற்கும் ஊர்தியிலிருந்து கசியும் ஆவி பக்கவாட்டில் பரவிக் கலைந்துவிடும். படகோ ஒரு கிண்ணத்தைப் போன்றது. அதன் அடிப்பகுதியில் நீர் தேங்கும் அடிக்குழியிலேயே ஆவியும் தேங்குகின்றது. அவ்விடத்திலேயே மின்கலம், நீரிறைப்பி, மின்கம்பிகள் ஆகியவையும் பெரும்பாலும் இருப்பதால் ஆபத்து கூடுகின்றது.

எரிபொருள் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பதால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை ஏற்படும். பெட்ரோலில் சிறிதளவு உள்ள பென்சீன் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

கசிவு ஏற்படும் இடங்கள்

பெரும்பாலான கசிவுகள் கீழ்க்காணும் இடங்களில் ஏற்படுகின்றன.

- தொட்டியின் மூடி, அதன் காற்றுத்துளை
- தொட்டியையும் இயந்திரத்தையும் இணைக்கும் இரப்பர்க் குழாய், அதன் இணைப்பு முனைகள்
- குழாயின் நடுவே உள்ள கைப்பம்பு
- எரிபொருள் வடிகட்டி, கார்புரேட்டர்
- துருப்பிடித்த உலோகத் தொட்டியின் அடிப்பாகம்

கைப்பம்பை இறுகும் வரை அழுத்திவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது எளிய சோதனை ஆகும். துணியில் ஈரமோ நாற்றமோ தெரிந்தால் கசிவு அங்குள்ளது. இறுகிய கைப்பம்பு விரைவில் தளர்ந்துவிடுவதும் கசிவைக் குறிக்கலாம். இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகின்றது. 2025ஆம் ஆண்டளவில் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலுக்கு ஏற்ற வகையில் செய்யப்படாத பழைய இரப்பர்க் குழாய்கள் விரைவில் கெட்டு வெடிப்பு விடக்கூடும் என்பதால் அவற்றை மாற்றுவது நல்லது.

நீலகிரியில் படகுகள்

உதகமண்டலம் ஏரி இயற்கையானது அன்று. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த சான் சல்லிவன் முயற்சியால், ஊதகைப் பள்ளத்தாக்கில் இறங்கும் ஓடைகளை மறித்து 1823-1825 காலப்பகுதியில் இது அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்ததை விட இன்று ஏரி சுருங்கியுள்ளது. 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு சுற்றுலாத் துறை ஏரியைப் பொறுப்பேற்றுப் படகு சவாரிக்கு ஏற்பாடு செய்தது. இங்கு மிதிபடகு, துடுப்புப் படகு ஆகியவற்றுடன் இயந்திரப் படகுகளும் இயக்கப்படுகின்றன. உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் வழியில் உள்ள பைக்காரா நீர்த்தேக்கத்திலும் இயந்திரப் படகு சவாரி உண்டு.

மலைப்பகுதியின் சூழல் எரிபொருளின் நடத்தையை மூன்று வகைகளில் பாதிக்கின்றது.

முதலாவது, உயரம். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே ஆகும். மேட்டுப்பாளையத்தில் இறுக மூடிய எரிபொருள் கலம் ஏறத்தாழ 1,900 மீட்டர் மேலேறி உதகை வந்து சேரும்போது, வெளியழுத்தம் குறைவதால் உப்பியிருக்கும். அதன் மூடியைத் திடீரெனத் திறந்தால் ஆவியும் சில வேளைகளில் எரிபொருளும் பீறிட்டு வரும். ஆகவே கலத்தைப் படகுக்கு வெளியே, கரையில் வைத்து, மூடியை மெல்லத் தளர்த்தித் திறக்க வேண்டும்.

இரண்டாவது, பகலிரவு வெப்ப வேறுபாடு. வெப்பநிலை 20 °செ உயரும்போது பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். குளிர்ந்த காலையில் விளிம்பு வரை நிரப்பிய 20 லிட்டர் தொட்டி, நண்பகல் வெயிலில் சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் எரிபொருளை வெளியே தள்ளும். எந்தக் குழாயும் பழுதின்றியே நாற்றம் எழுவதற்கு இது ஒரு காரணம். தொட்டியின் மேற்பகுதியில் சற்று வெற்றிடம் விட்டு நிரப்புவதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, குளிர். குளிரில் ஆவியாதல் மெதுவாக நிகழ்வதால், சமவெளியில் இரண்டு நாட்களில் நீங்கும் நாற்றம் மலையில் மேலும் பல நாட்கள் நீடிக்கலாம். மூடுபனிக் காலத்தில் காற்றசைவு குறைவாக இருப்பின் படகின் அடியில் தேங்கிய ஆவி எளிதில் வெளியேறாது.

நாற்றம் நீக்கும் முறை

1. பயணிகளை இறக்குதல். நாற்றம் தெரிந்தவுடன் இயந்திரத்தை நிறுத்திப் படகைக் கரை சேர்த்து அனைவரையும் இறக்க வேண்டும். புகைபிடித்தல், தீக்குச்சி, அடுப்பு ஆகியவை அருகில் இருத்தல் கூடாது. ஆவி தேங்கியுள்ள நிலையில் மின்விசைகளைப் போடுவதும், மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவதும் பொறியை உண்டாக்கலாம். ஆகவே முதலில் காற்றோட்டம் தேவை.

2. காற்றோட்டம். மூடிகள், பலகைகள், இருக்கைப் பெட்டிகள் அனைத்தையும் திறந்துவிட வேண்டும். ஆவி அடியில் தேங்குவதால், மேலே உள்ள மூடியை மட்டும் திறப்பது போதாது; அடிக்குழி வரை காற்று செல்ல வேண்டும். சாதாரண வீட்டு மின்விசிறியைப் படகினுள் வைத்தல் ஆகாது. பொறி எழாதவாறு செய்யப்பட்ட படகு ஊதிகளே இதற்கு உரியவை.

3. கசிவை நிறுத்துதல். கழற்றக்கூடிய தொட்டியைக் கரைக்கு எடுத்துச் சென்று, பழுதான குழாயையோ இணைப்பையோ மாற்ற வேண்டும். துணி சுற்றியோ ஒட்டுநாடா ஒட்டியோ ஓட்டுவது ஆபத்தானது.

4. உறிஞ்சி எடுத்தல். அடிக்குழியின் தானியங்கி நீரிறைப்பி வேலை செய்தால் அது எரிபொருளை நேரே ஏரிக்குள் தள்ளிவிடும். எனவே ஆவி நீங்கியதும் அதன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளால் எரிபொருளை எடுக்கலாம். பாலிபுரோப்பிலீன் இழையால் ஆன விரிப்புகள் எண்ணெயை மட்டும் உறிஞ்சி நீரை விட்டுவிடுகின்றன. அவை கிடைக்காத இடத்தில் பழைய பருத்தித் துணி, உலர்ந்த தென்னை நார்த்தூள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

5. கழுவுதல். படகைக் கரையேற்றி, வடிதுளையை அடைத்து, குளிர்ந்த நீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். தொடக்கத்திலேயே வெந்நீர் ஊற்றினால் எஞ்சிய பெட்ரோல் விரைந்து ஆவியாகி ஆபத்தை உண்டாக்கும். பெட்ரோல் முற்றும் நீங்கிய பின்னர் எண்ணெய்ப் படலத்தைப் போக்க வெந்நீர் பயன்படும். கழுவிய நீரை வாளிகளில் சேகரிக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று முறை கழுவ நேரலாம்.

6. ஊறிய பொருள்களை அகற்றுதல். கண்ணாடியிழைப் பரப்பு எரிபொருளை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஆனால் ஒட்டுப்பலகை, இருக்கைப் பஞ்சு, கயிறு, விரிப்பு ஆகியவை உறிஞ்சுகின்றன. பலமுறை கழுவியும் நாற்றம் நீங்காவிடில் இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். எரிபொருளில் ஊறிய உயிர்காப்பு மேலாடையின் துணியும் மிதவைப் பஞ்சும் வலுவிழக்கக்கூடும் என்பதால் அதனை மீண்டும் பயன்படுத்தலாகாது.

7. எஞ்சிய நாற்றம். மேற்கண்டவை முடிந்த பின்னர் எஞ்சும் சிறிதளவு நாற்றத்தைப் போக்க, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வுற்ற கரியைத் துணிப்பைகளில் கட்டி மூடிய அறைகளில் சில நாட்கள் வைக்கலாம். நுண்துளைகள் நிறைந்த இக்கரி ஆவியை ஈர்த்துக்கொள்கின்றது. வெயிலில் படகைத் திறந்து வைப்பதும் பயன் தரும்.

தவிர்க்க வேண்டியவை

ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவற்றால் நாற்றத்தைப் போக்க முயல்வது, தீயை எரிபொருள் ஆவிக்கு அருகில் கொண்டு செல்வதாகும். நீலகிரியில் எளிதில் கிடைக்கும் நீலகிரித் தைலமும் இதற்கு ஏற்றதன்று. 1840களில் இம்மலைகளில் அறிமுகமான யூக்கலிப்டசு மரத்தின் இலைகளிலிருந்து வடிக்கப்படும் இத்தைலம் கடும் மணம் உடையது, அதுவும் தீப்பற்றக்கூடியது. அதன் மணம் எரிபொருள் நாற்றத்தை மறைத்துவிடுவதால், கசிவு தொடர்ந்தாலும் படகோட்டிக்குத் தெரியாமல் போகும். சலவைத் தூளாகிய குளோரின் வெளுப்பியும் எண்ணெயை நீக்குவதில்லை. நன்கு கழுவாமல் வண்ணம் பூசினால் பூச்சு ஒட்டாது உரியும்.

கழிவும் நீர்நிலையும்

நீர்ப்பரப்பில் வானவில் நிறங்களைக் காட்டும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மைக்குரோமீட்டரிலும் குறைவாக இருக்கக்கூடும். 0.3 மைக்குரோமீட்டர் தடிமனில் ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 3,300 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கருக்கும் மேல் பரவும். ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்புள்ள உதகமண்டலம் ஏரி முழுவதையும் இவ்வாறு மூடுவதற்குக் கணக்கின்படி 80 லிட்டர் எண்ணெயே போதும். நீரில் மிதக்கும் எண்ணெய் மீது சவர்க்காரம் ஊற்றுவதால் அது மறைந்துவிடுவதில்லை. நுண்துளிகளாகச் சிதறி நீருக்குள் கலந்து மீன்களுக்கு மேலும் தீங்கு செய்கின்றது.

இந்தியாவின் 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்கையான நீர்நிலைகளுக்கு மட்டுமன்றிச் செயற்கையான உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் பொருந்தும். பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் தீங்கான கழிவு விதிகளின் கீழ் வருகின்றது. எரிபொருள் கலந்த நீரையும் ஊறிய துணிகளையும் மூடிய உலோகக் கலத்தில் தீக்கு எட்டாத இடத்தில் வைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதே முறை.

கடலோரப் படகுகள்

தமிழகக் கடலோரத்தில் பல கண்ணாடியிழைப் படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் இயக்கப்படுகின்றன. இருவகை எரிபொருள்களையும் ஏற்றிச் செல்வதால் கசிவுக்கான வாய்ப்பும் கூடுகின்றது. மீன் எளிதில் எண்ணெய் நாற்றத்தை ஏற்பதால், மீன் வைக்கும் பகுதியில் கசிவு ஏற்பட்டால் பிடித்த மீன் விலை போகாது.

எண்ணெய் படகுக்கு வெளியிலிருந்தும் வரலாம். 2023ஆம் ஆண்டு திசம்பர் மாதம் மிக்சாங் புயல் வெள்ளத்தின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து பரவிய எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்களின் படகுகள், வலைகள் மீது படிந்தது. படகுகள் தூய்மையாகும் வரை தொழிலுக்குச் செல்ல இயலாத நிலை ஏற்பட்டது. பாதிக்கப்பட்ட 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

தடுப்பு

ஒவ்வொரு நாளும் இயந்திரத்தைத் தொடங்குமுன் அடிக்குழியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது மிக எளிய தடுப்பு முறையாகும். ஊதி பொருத்தப்பட்ட படகுகளில் குறைந்தது நான்கு நிமிடங்கள் அதனை இயக்கிய பின்னரே இயந்திரத்தைத் தொடங்க வேண்டும். கழற்றக்கூடிய தொட்டிகளைக் கரையில் வைத்தே நிரப்புதல், பயணத்தின் முடிவில் தொட்டியின் காற்றுத்துளையை மூடுதல், வெடிப்பு விட்ட குழாய்களை உடனே மாற்றுதல் ஆகியவையும் கசிவைக் குறைக்கின்றன. மின்னாற்றலால் இயங்கும் படகுகளில் இச்சிக்கல் எழுவதில்லை. கேரளத்தின் வைக்கத்தில் 2017ஆம் ஆண்டு முதல் இயக்கப்பட்ட ஆதித்யா என்னும் சூரிய ஆற்றல் பயணிகள் படகு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

இவற்றையும் பார்க்க

- உதகமண்டலம் ஏரி
- பைக்காரா
- எண்ணெய்க் கசிவு
- தீப்பற்றுநிலை
- கிளர்வுற்ற கரி