பாயில் வந்தமர்ந்த வாத்தியார்

செயல்வழிக் கற்றலின் வேர் எங்கே இருக்கிறது? 1990களில் வேலூர்ப் பகுதியில், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கு நடத்தப்பட்ட பள்ளிகளில். 2003இல் அது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007-08இல் பெரம்பலூர், அரியலூர் உட்படத் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பரவியது.

வாத்தியார் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. அட்டைகளை எடுத்து, ஏணிப்படியில் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஏறினர்.

கடைசி வரிசையில் தள்ளி உட்கார வைக்கப்பட்ட தலைமுறைகளின் வாரிசுகள் நாம். வட்டமாக அமர்ந்தால் கடைசி வரிசையே இல்லை என்பதன் பொருள் நமக்குத் தெரியும். ஆனால், பாய் மட்டும் சாதியை ஒழித்துவிடாது. யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் கையில் துடைப்பம் தரப்படுகிறது என்று நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்ப்போம், கேள்வி கேட்போம்.