நெளிந்த தட்டும் காணாத பொருளும்

பால்வழி மண்டலத்தைத் தட்டையான தட்டாகவே பாடநூல்கள் வரைந்து காட்டுகின்றன. உண்மையில் அதன் வெளி விளிம்பு ஒருபுறம் மேலெழுந்தும் மறுபுறம் கீழிறங்கியும் நெளிந்திருக்கிறது. நெளிவு கண்டறியப்பட்டது 1957இல்; அதன் காரணம் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. ஒரு கருதுகோள் எதனால் வீழ்கிறது, எதனால் மீள்கிறது என்பதை இந்த இடைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஹைட்ரஜன் அணுக்கள் உமிழும் 21 செ.மீ. ரேடியோ அலை 1951இல் முதன்முறையாகப் பதிவாயிற்று. விண்மீன் ஒளியை மறைக்கும் தூசு இந்த அலையைத் தடுப்பதில்லை. எனவே மண்டலத்தின் தொலைவிளிம்புவரை வாயுவின் பரவலை வரைபடமாக்க முடிந்தது. ஆறே ஆண்டுகளில் பெர்னார்ட் பர்க், ஃபிராங்க் கெர் ஆகிய இருவரும் தனித்தனியே வாயுத்தளத்தின் நெளிவை அறிவித்தனர். கெர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே மெகல்லன் மேகங்களைச் சுட்டினார்.

அண்டையிலுள்ள துணை மண்டலங்கள் தட்டை இழுத்து வளைத்தன என்பது இயல்பான ஊகமே. ஆனால் கணக்கு இடம் தரவில்லை. அன்று மதிப்பிட்ட நிறைக்கு அவற்றின் நேரடி இழுவை மிகச் சிறிது.

வேறொரு சிக்கலும் இருந்தது. சாய்ந்த பம்பரம் தலையாட்டிச் சுழல்வதுபோல், சாய்ந்த ஒவ்வொரு வளையமும் தன் தளத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்கும். உள்வளையம் விரைவாக, வெளிவளையம் மெதுவாக. இவ்வேறுபாட்டால் நெளிவு சுருண்டு கலைந்துவிட வேண்டும். விளிம்பில் படிப்படியாக மெலியும் தனித்த தட்டில் நெளிவு ஒரே வடிவில் நீடிக்காது என்று ஹன்டரும் டூம்ரேயும் 1969இல் கணிதவழி காட்டினர்.

அடுத்த ஆண்டே வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆன்ட்ரோமீடாவின் சுழற்சி வேகம் விளிம்பை நோக்கிச் சரியவில்லை என அளந்தறிந்தனர். 1973இல் ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் தட்டைச் சூழ்ந்த பெருநிறைக் கோளம் தேவை என வாதிட்டனர். தட்டு தனித்து நிற்கவில்லை. கரும்பொருளின் நடுவே கிடக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இதனால் பழைய ஊகம் உயிர்பெற்றது. மெகல்லன் மேகம் கரும்பொருளினூடே செல்லும்போது அதில் அலையெழுப்புகிறது. அந்த அலையின் ஈர்ப்பு இழுவையைப் பெருக்குகிறது என்று வைன்பர்க்கும் பிளிட்ஸும் 2006இல் விளக்கினர். உட்பகுதி ஏன் நெளிவதில்லை என்ற கேள்விக்கு அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் கனக் சாகாவும் சந்தா ஜோகும் விடையளித்தனர்: தட்டின் சொந்த ஈர்ப்பு அங்கே வெளியிழுவையை வலுவாக எதிர்க்கிறது.

இன்று கேள்வியின் திசையே மாறிவிட்டது. கரும்பொருளைக் கொண்டு நெளிவை விளக்கியவர்கள், இப்போது நெளிவைக் கொண்டு கரும்பொருளின் வடிவை அளக்க முயல்கின்றனர். கையா விண்கலத் தரவுகளைக் கொண்ட 2020 ஆய்வு, நெளிவு 60 முதல் 70 கோடி ஆண்டுகளில் ஒருமுறை சுற்றிவருவதாகக் கணித்தது. 2024இல் செபீடு விண்மீன்களை ஆராய்ந்தோர், வேகம் அதைவிட மிகக் குறைவு, திசையும் எதிர் என்றனர்; அதிலிருந்து கரும்பொருட்கோளம் சற்றே தட்டையானது என முடிவு செய்தனர். கோளமே சாய்ந்திருப்பதால் தட்டு நெளிந்தது என்பது 2023இல் எழுந்த மற்றொரு விளக்கம்.

கெர்ரின் ஊகம் இறுதியில் வெல்லுமா என்பது இனித்தான் தெரியும். அதை முதலில் வீழ்த்திய கணக்கில் கூட்டல் கழித்தல் எதுவும் பிழையில்லை. பிரபஞ்சத்தின் பெரும்பங்குப் பொருள்தான் விடுபட்டிருந்தது.