நள்ளிரவில் நம் கரைக்கு வரும் விருந்தாளி



இது ஆமைப் பருவம். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் இடைப்பட்ட மணலில், நாம் அயர்ந்து தூங்கும் நேரத்தில் கடலாமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களில் சிலர், சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போனதுபோல மணலில் ஒரு தடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அவள் வந்து போன அடையாளம்.

உலகம் ஆலிவ் ரிட்லி என்று சொல்லும் இந்த ஆமைக்குத் தமிழில் பங்குனி ஆமை என்று பெயர். முட்டையிடும் பருவம் பங்குனியை ஒட்டி வருவதால் பொருத்தமான பெயர்தான். இரண்டடி நீளமும் நாற்பது கிலோ அளவு எடையும் கொண்ட பெண் ஆமை, தான் பிறந்த கரைப்பகுதிக்கே பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது. பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம்போல ஒரு குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குப் போய்விடும். அதன்பின் முட்டைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த ஆமைகளுக்காக இரவில் மணலில் நடக்கும் பழக்கம் ஒன்று நம் ஊருக்கு உண்டு. அதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் வயது. நம் வாசலிலேயே நடந்த அந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பாம்புப் பண்ணையில் தொடங்கியது

1970களின் தொடக்கத்தில் அடையாற்றுக்குத் தெற்கே இருந்த கடற்கரை வேறு மாதிரி. சவுக்குத் தோப்புகளும் மீனவக் குப்பங்களும்தான் அதிகம். இரவில் இருட்டு. ஆமை முட்டைகளை மனிதர்களும் எடுத்தார்கள், நரியும் நாயும் தோண்டித் தின்றன. நாட்டின் பிற கடற்கரைகளில் ஆமைகளையே பிடித்து இறைச்சிக்கு விற்கும் வியாபாரமும் நடந்துகொண்டிருந்தது.

அந்த நாளில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் இரவுகளில் இந்த மணலில் நடக்கத் தொடங்கினார்கள். வேலை எளிது: முட்டை எடுப்பவர்களுக்கும் நாய்களுக்கும் முன்னால் போய்ச் சேரவேண்டும். கிடைத்த முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் மறுபடி புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விட்டார்கள். இந்தியாவில் கடலாமைப் பாதுகாப்பின் முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அந்தக் குழுவில் வந்து சேர்ந்தவர் சதீஷ் பாஸ்கர். பிற்காலத்தில் இந்தியக் கடற்கரையில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஆமைக் கரைகளைக் கணக்கெடுத்தவர். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியே தங்கி ஆய்வு செய்தார். படகே வராத மாதங்கள் அவை. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒதுங்க, எடுத்த மீனவர் தபாலில் அனுப்பிவைத்தார். ஒரு மாதத்துக்குள் கடிதம் வீடு வந்து சேர்ந்தது! 2023இல் அவர் மறைந்தார். அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு ஆமைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு அவர் நடைதான் அடித்தளம்.

கைமாறி வந்த வேலை

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் பங்குனி ஆமை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு ஆமைக்கும் கிடைத்தது. முட்டையை எடுப்பதும் விற்பதும் குற்றமாயிற்று.

சட்டம் வந்தாலும் இரவில் மணலில் நடக்க ஆள் வேண்டுமே. 1970களின் இறுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், 1980களில் தமிழ்நாடு வனத்துறையும் முட்டைப் பொரிப்பகங்களை நடத்தின. 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து இந்த வேலையைக் கையிலெடுத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற அந்தக் குழு இன்றுவரை ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது. மாணவர்கள் படித்து முடித்துப் போனார்கள், அடுத்தவர்கள் வந்தார்கள், நடை மட்டும் நிற்கவில்லை. 2002இல் நீலாங்கரையில் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. வனத்துறையும் இப்போது பல கரைகளில் பொரிப்பகங்களை நடத்துகிறது.

வார இறுதிகளில் பொதுமக்களையும் நடைக்கு அழைத்துப் போகிறார்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். காட்டுவிலங்கைப் பார்க்க முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ போகவேண்டும் என்று நினைக்கும் நம் பிள்ளைகள், ஆட்டோ போகும் தூரத்தில் ஒரு காட்டுவிலங்கை அதன் போக்கில் பார்க்கிறார்கள். ஆமை வராத இரவுகளும் உண்டு. அன்றைக்குப் பல கிலோமீட்டர் மணலில் நடந்ததுதான் மிச்சம். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

விளக்குதான் வில்லன்

ஒரு கேள்வி எழலாம். ஆமையே இடம் பார்த்து இட்ட முட்டையை நாம் ஏன் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைக்கவேண்டும்? அது அங்கேயே இருந்தால் என்ன?

இருக்கலாம், கரை இருட்டாக இருந்தால். முட்டை பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 55 நாள் ஆகும். குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மேலே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையான கரையில் அது கடலின் பக்கம். நம் கரையிலோ வெளிச்சம் சாலையின் பக்கம். உயர்மின் கோபுர விளக்கு, கடைகளின் விளக்கு, நம் மொட்டைமாடி விளக்கு இவற்றை நோக்கி ஓடிவந்து, நாய்க்கும் காகத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன. அதனால்தான் தன்னார்வலர்கள் முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், அசைக்காமல் பதமாக எடுத்துப்போய், அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் வைக்கிறார்கள்.

பொரிப்பகம் ஒருவகையில் மருத்துவமனை மாதிரி. இருப்பது நல்லது, தேவைப்படாமலே இருந்தால் இன்னும் நல்லது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ஒரு கூடு முழுவதும் சாலைக்கு ஓடிவந்து சாவது சின்ன இழப்பில்லை.

கடலுக்குள் இருக்கும் ஆபத்து வேறு. ஆமைக்கு நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். கரையிலிருந்து ஐந்து கடல்மைல் வரை விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்பது தமிழ்நாட்டின் விதி. அதை நடைமுறைப்படுத்துவது அரசின் வேலை, வலியுறுத்துவது குடிமக்களின் வேலை.

நம் கையில் இருப்பது விளக்கு. எனவே, ஏப்ரல் வரைக்கும்:

• கடலைப் பார்த்த மாடி, பால்கனி, மதில் விளக்குகளை இரவு பத்து மணிக்குமேல் அணைத்துவிடுங்கள். பாதுகாப்புக்கு அவசியமானால் ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடி போடுங்கள்.
• இரவில் ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள். ஒதுங்கி நின்று பாருங்கள்.
• காலையில் தடத்தையோ முட்டையையோ கண்டால் தோண்டாமல் வனத்துறைக்கோ ஆமை நடைத் தன்னார்வலர்களுக்கோ சொல்லுங்கள்.
• குப்பையில் போடும் மிச்சச் சோறு கடற்கரை நாய்க்கூட்டத்தைப் பெருக்குகிறது. அதை மணலில் கொட்டாதீர்கள்.

கடலோரத் தெருவிளக்குகளைப் பருவ மாதங்களில் நள்ளிரவுக்குமேல் அணைக்கக் கோரி மாநகராட்சிக்கு ஒரு மனு தரலாம் என்பது என் யோசனை. வரும் பொதுக்குழுவில் இதை முன்வைக்கப் போகிறேன். வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒருமுறையாவது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஆமை நடைக்குப் போய்வாருங்கள்.