சைப்பிரஸ் மரமும் வறியோர் கிற்றாரும்: ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைப் புரந்த அரசவைகளின் வரலாறாகவும், அவற்றை வாசித்துப் புகழ்பெற்ற மேதைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவி என்ன விலைக்கு விற்கப்பட்டது, யாரால் அதை வாங்க முடிந்தது, வாங்க முடியாதவன் என்ன செய்தான் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் வளர்ந்த பிளமென்கோ இசைக்குரிய கிற்றாரைப் பொறுத்தவரை, இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு வரலாறு எழுதுதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கேகாலை மாவட்டத்திலே, புளத்கொகுபிட்டியவை அண்டிய இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் என் தம்பி, காமன் கூத்துக் காலத்தில் தப்பு அடிப்பவன். சென்ற விடுமுறையில் கைத்தொலைபேசியில் ஒரு பிளமென்கோ வாசிப்பைக் காட்டி, “அக்கா, இவரு கிட்டாருலயே தப்பு அடிக்கிறாரே!” என்றான். அவன் கண்டது உண்மையே. வலக்கை விரல்களால் நரம்புகளை மீட்டும் அதே கணத்தில், மோதிர விரலால் முகப்புப் பலகையைத் தட்டி ஓசையெழுப்பும் முறை அது. ஸ்பானிய மொழியில் அதற்குக் ‘கோல்பே’ என்று பெயர். ‘அடி’ என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பிளமென்கோ கிற்றார் வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

கொழும்பிலுள்ள கடையொன்றில் விலை கேட்டோம். சைப்பிரஸ் மரத்தாற் செய்யப்பட்டு, பிளமென்கோ என்ற பெயரைத் தாங்கியிருந்த கிற்றாரின் விலைக்கு, எங்கள் அம்மா ஏழு மாதம் இடைவிடாது பால் வெட்டினாலும் போதாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இடையில், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமதிப்பு 360 ரூபா வரை வீழ்ந்தது. இறக்குமதியாகும் கிற்றார் எத்திசையிற் சென்றிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெறுங்கையுடன் திரும்பும்போது பேருந்தில் என் மனத்தில் எழுந்த வினா இதுதான்: இந்தக் கருவி தோன்றிய காலத்தில் இதை வாங்கியவர் யார்?

இதற்கு விடை தேடுபவர் அந்தோனியோ தே தோரெஸ் என்னும் கைவினைஞரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். அல்மேரியாவை அண்டிய சிற்றூரொன்றில் 1817இல் பிறந்து, தச்சுத் தொழில் பயின்று, பின்னர் செவில்லா நகரிற் பட்டறை வைத்தவர் அவர். இன்று நாம் ஸ்பானியக் கிற்றார் என்று அறியும் கருவியின் அளவும், வடிவும், முகப்புப் பலகையின் உட்புறத்தே விசிறிபோல் ஒட்டப்படும் சட்டங்களின் அமைப்பும் அவர் கையிலேயே நிலைபெற்றன. இத்தனை சிறப்புக்குரியவர் தம் தொழிலால் வாழ முடியாமல் ஒரு கட்டத்தில் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார் என்பதை அவருடைய வரலாற்றை ஆராய்ந்த ரோமானில்யோஸ் எடுத்துக்காட்டியுள்ளார். 1875 அளவில் மீண்டும் கிற்றார் செய்யத் தொடங்கி, 1892இல் மறையும்வரை அத்தொழிலைத் தொடர்ந்தார். செய்பவனும் வறியவன், வாங்குபவனும் வறியவன் என்ற நிலையிலேதான் இக்கருவி உருப்பெற்றது.

தோரெஸ் இருவகை மரங்களிற் கிற்றார் செய்தார். ஒன்று, கடல் கடந்து வந்த ஈட்டி இன மரம். நிறத்தாற் கருமையும் கனமும் உடையது, விலை மிக்கது. மற்றது, ஸ்பெயினின் தோட்டங்களிலும் கல்லறைகளிலும் வளர்ந்து நிற்கும் சைப்பிரஸ். வெளிர்மஞ்சள் நிறமும் நறுமணமும் கொண்டது, இலேசானது, கைக்கெட்டும் விலையில் உள்ளூரிற் கிடைப்பது. நம்மூரில் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாமரம் எப்படியோ அப்படி. ஈட்டி மரத்தாலான கிற்றார் வசதியுள்ளவர்க்கும், சைப்பிரஸ் கிற்றார் கூத்தாடிகளுக்கும் நாடோடிப் பாடகர்களுக்கும் சென்றன என்றும், இவ்வாறே இசைக்கச்சேரிக் கிற்றார், பிளமென்கோ கிற்றார் என்ற பிரிவு பிறந்தது என்றும் பல நூல்களிற் கூறப்படுகின்றது.

இக்கூற்றிற் பெரும்பகுதி உண்மை. ஆயினும் ஒரு திருத்தம் அவசியம். தோரெஸ் 1856இற் செய்த ‘லா லெயோனா’ என்னும் பெயர்பெற்ற கிற்றாரின் முதுகும் விலாவும் சைப்பிரஸ் மரத்தாலானவை. அக்காலத்துத் தலைசிறந்த மேடை வாசிப்பாளராகிய ஹூலியான் ஆர்காஸ் வாசித்தது அதைத்தான். ஆகவே, 1850களில் சைப்பிரஸ் தாழ்ந்த மரமாக மதிக்கப்படவில்லை. மலிவான மரமாக மட்டுமே இருந்தது. மலிவானது தாழ்ந்தது என்ற கருத்து பின்னர் வந்தது. கச்சேரி மண்டபம் ஈட்டி மரத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டபின், எஞ்சியிருந்த சைப்பிரஸ் மற்றவர்க்குரியதாயிற்று. பெயர்களும் அதன்பின் ஏற்பட்டவையே: சைப்பிரஸ் கிற்றார் ‘பிளாங்கா’, அதாவது வெள்ளை, ஈட்டிக் கிற்றார் ‘நெக்ரா’, அதாவது கறுப்பு.

தோரெஸின் இன்னொரு செயல் எம் பொருளுக்கு மேலும் நெருங்கியது. 1862இல் அவர் முகப்பை மட்டும் நல்ல மரத்தாற் செய்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையாற் செய்து ஒரு கிற்றாரை உருவாக்கினார். நாதத்தின் பிறப்பிடம் முகப்புப் பலகையே என்பதை நிறுவுதற்காகச் செய்யப்பட்டது அது. பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம். விலையுயர்ந்த மரத்தின் பெயரைச் சொல்லி விற்பவர்களுக்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடைய விடை இந்த அட்டைக் கிற்றாரில் இருக்கின்றது.

ஏழை வாசிப்பாளனுக்குப் பெருங்கைவினைஞர் நல்ல கருவியை ஈந்த கதைகள் இவ்வரலாற்றில் இரண்டு உண்டு. 1869இல் இளைஞராகிய தாரேகா, தோரெஸின் பட்டறைக்குச் சென்றபோது முதலிற் சாதாரணக் கருவியொன்றே காட்டப்பட்டதென்றும், அவர் வாசிக்கக் கேட்டபின் தோரெஸ் தமக்கென வைத்திருந்த 1864ஆம் ஆண்டுக் கிற்றாரை எடுத்துத் தந்தாரென்றும் தாரேகாவின் மாணவர் மரபிற் சொல்லப்படும். 1912இல் மட்ரிட் நகரில் செகோவியா வாடகைக்குக் கிற்றார் கேட்டுச் சென்று, மனுவேல் ராமிரெஸிடம் கிற்றாரையே பரிசாகப் பெற்ற செய்தியை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். மனத்தைத் தொடும் கதைகள்தாம். ஆனால், அதே கடைவாசல்களிலிருந்து ஒன்றும் பெறாமல் திரும்பியவர்களின் கதையை எழுதியவர் எவருமிலர்.

திரும்பியவர்களுட் பலர் கித்தானோக்கள் எனப்பட்ட ஸ்பானிய நாடோடிச் சமூகத்தினர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்த இவர்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர் என்பது மொழியியற் சான்றுகளால் உறுதிப்பட்டுள்ளது. இதை வைத்துக்கொண்டு பிளமென்கோ இசையே இந்திய இசைதான் என்று நம்மவர் சிலர் பெருமை கொள்வதுண்டு. அதற்கு ஆதாரம் போதாது. பெருமையிலும் முக்கியமாக நோக்கற்பாலது அவர்கள் பட்ட துன்பமே. 1749இல் அரச ஆணையின்படி ஸ்பெயின் முழுவதும் ஒரே வேளையில் அவர்கள் ஆயிரக்கணக்கிற் கைதுசெய்யப்பட்டனர். அச்சமூகமும் அந்தலூசியாவின் ஏனைய உழைக்கும் மக்களும் சேர்ந்து வளர்த்த பாடலும் ஆடலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ‘கஃபே கந்தாந்தே’ எனப்பட்ட பாட்டுக் கடைகளில் மேடையேறின. சில்வேரியோ பிராங்கொனெத்தி என்னும் பாடகர் 1881இல் செவில்லாவில் திறந்த கடை இவற்றுட் புகழ்பெற்றது.

அம்மேடையில் கிற்றாரின் பணி வேறு. ஆடுபவரின் குதியோசை, கைதட்டல், பாடகரின் ஓங்கிய குரல் ஆகிய இவற்றினூடே அது கேட்க வேண்டும். நீண்டு ஒலிக்கும் இனிமையிலும் சட்டெனப் பிறந்து சட்டென அடங்கும் கூரிய ஓசையே அங்கு வேண்டப்பட்டது. இலேசான சைப்பிரஸ் அதைத் தந்தது. விரைவான வாசிப்புக்காக நரம்புகள் மெட்டுக்களுக்கு மிக அண்மையில் தாழ்த்திக் கட்டப்பட்டன. அதனால் எழும் மெல்லிய அதிர்வோசை குறையாகக் கருதப்படாது இசையின் ஒரு சுவையாயிற்று. பொறிமுறைச் சாவிகளுக்குப் பதிலாக வீணையிற் போன்ற மரப் பிருடைகளே போதுமெனக் கொள்ளப்பட்டன. விலை காரணமாக ஏற்றுக்கொண்டவை எவை, ஓசை காரணமாக விரும்பியவை எவை என்று இன்று பிரித்தறிவது கடினம். ‘லா லெயோனா’வின் சான்றை நோக்குமிடத்து விலையே முந்தியது என எண்ணுகின்றேன், செவி அதற்குப் பின் பழகிக்கொண்டது.

இதற்குப் பிந்திய வரலாற்றை விரைந்து கடக்கலாம். மட்ரிட்டில் சாந்தோஸ் எர்னாண்டெஸ் முதலியோர் பிளமென்கோ கிற்றாரைத் தனிக்கலையாக வளர்த்தனர். ரமோன் மொந்தோயா 1936இல் பாரிஸ் நகரிற் செய்த ஒலிப்பதிவுகள், பாடலுக்குத் துணையாக இருந்த கிற்றாரைத் தனித்து நிற்கும் கருவியாக உலகுக்குக் காட்டின. அல்ஹெசிராஸ் நகரின் வறிய குடும்பமொன்றிற் பிறந்த பாக்கோ தே லூசியாவின் (1947–2014) காலத்தில் தனிவாசிப்பாளர் பலர் கறுப்புக் கிற்றாரையே நாடினர். வெள்ளைக் கிற்றாரோ ‘மரபுக் கருவி’ என்ற மதிப்பைப் பெற்று விலையேறிற்று. ஏழையின் மரம் ஏழைக்கு எட்டாததாயிற்று. கொழும்புக் கடையில் நாங்கள் கண்டது இவ்வரலாற்றின் கடைசிப் பக்கத்தையே.

இலங்கைக்கு இக்கருவி புதியதன்று. 1505 முதல் 1658 வரை இங்கிருந்த போர்த்துக்கேயரின் வழியே வந்த நரம்புக் கருவிகளும் ஆடற்பாடல்களும் மட்டக்களப்புப் பறங்கியரிடையே கஃப்ரிஞ்ஞாவாக நிலைத்தன. வொலி பஸ்தியன் போன்றோரால் நகர்ப்புறப் பைலாவாகப் பரவின. பின்னர் நித்தி கனகரத்தினத்தின் தமிழ்ப் பொப் பாடல்களில் எம் வீட்டு முற்றங்களையும் எட்டின. பிளமென்கோ உருப்பெற்றதோ போர்த்துக்கேயர் இங்கிருந்து அகன்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னரே. ஆதலால் அதை எவரும் இங்கு கொண்டுவரவில்லை. தோட்டங்களில் எமக்கென இருந்தது தப்பு. விடியற்காலையிற் பிரட்டுக்கு எழுப்பியதும் அதுவே, காமனுக்கு முழங்கியதும் அதுவே. தீயிற் காய்ச்சிச் சுருதி கூட்டும் அக்கருவியை அடித்தவர்களை ஊர் எவ்விடத்தில் நிறுத்தியது என்பதை அறிந்தவர்க்குக் கித்தானோக்களின் கதை அந்நியமாகத் தோன்றாது.

தம்பியின் கிற்றாருக்கு வருவோம். வரலாறு காட்டிய வழியிலேயே தேடினோம். பெயரைத் தேடவில்லை, முகப்பைத் தேடினோம். பல ஏடுகளை ஒட்டிய பலகையினும் ஒரே மரத்துண்டாலான முகப்பு நல்லது. கையிலுள்ள பணம் முதலில் அதற்குச் செல்ல வேண்டும். முதுகு எம்மரமாயினும் பயிற்சிக்குக் கேடில்லை. அட்டையே போதுமென்று தோரெஸ் காட்டிவிட்டார். யப்பானிய யமகா நிறுவனத்தின் சி40 போன்ற மாணவர் கிற்றார்களில் முகப்பும் ஒட்டுப்பலகையே. பணம் அவ்வளவுதான் என்றால் அதிலும் பயிலலாம். கழுத்து வளையாதிருத்தல் வேண்டும். பாலத்தின் மேலுள்ள எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்துவதற்கு இடமிருத்தல் வேண்டும். 12ஆம் மெட்டின் மேல் தடித்த நரம்பின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு வந்தால் பிளமென்கோவுக்குரிய தாழ்வு கிட்டிவிடும். முகப்பில் தட்டுமிடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடு ஒட்டாவிடில் நகம் சில மாதங்களிலேயே மரத்தைக் குழிபறித்துவிடும். உருக்கு நரம்பு மலிவென்று நைலோன் கிற்றாரில் அதைப் பூட்டுவோர் எம்மிடையே உளர். அதன் இழுவிசை தாங்காது பாலமே பெயர்ந்துவரும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பழைய நைலோன் கிற்றார் ஒன்றை, கடையிற் கேட்ட விலையின் பத்திலொரு பங்கிலும் குறைவாக வாங்கினோம். முதுகில் ஒரு கீறல். முகப்பு ஒரே மரம். மழைக்காலத்து ஈரமும் தகரக் கூரையின் வெக்கையும் பசையைத் தளர்த்தும் என்பதால், அடுப்படிச் சுவரை விட்டு உள்ளறையிற் போர்வை சுற்றி வைத்திருக்கின்றான். எலும்புத் துண்டை அவனே சிமெந்துத் தரையில் தேய்த்தான். அவசரத்தில் சற்று அதிகமாகவே தேய்த்துவிட்டான். ஆறாம் நரம்பு ஒவ்வொரு மெட்டிலும் கரகரத்தது. பழைய தீப்பெட்டியின் அட்டையை வெட்டி அடியில் வைத்தபின் இப்போது முதல் மெட்டில் மட்டுமே கரகரக்கின்றது. அதை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கின்றேன்.