கணையக் கல்: கத்தியில்லா மருத்துவம் கடந்து வந்த வழி

இலங்கைப் பாடநூல்கள் சதையி என்று குறிப்பிடும் கணையம், உணவைச் செரிக்கும் நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவதோடு இன்சுலினையும் சுரக்கும் உறுப்பாகும். அதன் நாளத்துக்குள் கெட்டிப்பட்ட புரதத்தின் மேல் கல்சியம் காபனேற்று படிந்து கல்லாகும்போது, நீர் வடிய வழியின்றி அழுத்தம் கூடி, முதுகுவரை ஊடுருவும் வயிற்றுவலி தோன்றுகிறது. சுரப்பி மெல்ல அழிய அழிய நீரிழிவும், கொழுப்புச் செரியாத கழிச்சலும் தொடர்கின்றன. நீரிழிவால் இறந்த ஒருவரின் கணையத்தில் கற்கள் இருந்ததை இங்கிலாந்தின் தாமஸ் கௌலி 1788 இலேயே பதிவு செய்திருந்தார். ஆயினும் மேலைநாடுகளில் இது பெரும்பாலும் மது அருந்துவோரின் நோயாகவே அறியப்பட்டது. மதுவைத் தொட்டறியாத ஏழைச் சிறுவர்களையும் இளைஞர்களையும் அது தென்னிந்தியாவில் பற்றியிருந்த செய்தி, 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே உலகின் கவனத்துக்கு வந்தது.

இந்தோனேசியாவில் ஊட்டக்குறைவுற்ற நோயாளிகளிடம் ஸூய்டெமா இதை 1959 இல் விவரித்தார். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் அக்காலத்தின் மிகப் பெரிய நோயாளர் தொகுதிகளுள் ஒன்றைத் திரட்டி, சிறுவயதில் வலி, பருவமடையும் காலத்தில் நீரிழிவு, வாழ்வின் நடுவில் மரணம் என்று நோயின் போக்கை வகுத்துரைத்தார். பலரும் பார்த்துக் கடந்துபோன துயரத்தை ஒரு நோயாக அடையாளம் காட்டிய பெருமை அவருடையது. காரணம் தேடியவர்களின் ஐயம் மரவள்ளிக்கிழங்கின் மேல் விழுந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்குவித்த அப்பயிர், இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் முதன்மை உணவாகியிருந்தது. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதும் தெரிந்ததே. ஆனால் மரவள்ளியை உண்ணாதவர்களுக்கும் இந்நோய் வந்ததைச் சென்னை மருத்துவர்கள் கண்டனர். 2002 இல் ஐதராபாத் ஆய்வாளர்கள் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவின் மாற்றத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1970களின் அரிசித் தட்டுப்பாட்டில் அவித்த மரவள்ளியால் பசியாறிய இலங்கையரின் உணவின் மீது பழி சுமத்த மரவள்ளி பற்றிய அந்த ஐயம் போதாது.

தொடக்கத்தில் மருத்துவம் என்பது சத்திரசிகிச்சையே. 1960 இல் பார்ட்டிங்டனும் ரோஷெலும் விவரித்த முறையில் நாளத்தை நெடுகத் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு இணைத்துத் தைத்தனர். வாய்வழியே செல்லும் உள்நோக்கிக் குழாயால் கணைய நாளத்தை எட்டும் முறை 1968 இல் வந்தது. 1974 இல் நாள வாயிலின் தசையை உள்ளிருந்தே வெட்டும் நுட்பமும் சேர்ந்தது. எனினும் பெரிய கல் அந்த வாயிலில் நுழையாது. தீர்வு விமானத் தொழிலிலிருந்து வந்தது: டோர்னியர் நிறுவனத்தில் அதிர்வலைகளைப் பற்றி நடந்த ஆய்வின் பயனாக 1980 இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல் உடலுக்கு வெளியிலிருந்தே உடைக்கப்பட்டது, 1987 இல் சாவர்புருக்கும் அவருடைய சகாக்களும் அதைக் கணையக் கல்லுக்குப் பயன்படுத்தினர். எக்ஸ்ரே திரையில் கல்லைக் குறிவைத்து, அது மூன்று மில்லிமீற்றருக்கும் சிறிய துகள்களாகும்வரை அலைகள் செலுத்தப்படுகின்றன. பின்னர் உள்நோக்கிக் குழாய் மிச்சத்தை அகற்றுகிறது. ஐதராபாத்திலுள்ள ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் 2010 இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோது, ஏறத்தாழ முக்கால் பங்கினருக்குக் கற்கள் முழுமையாக நீங்கியிருந்தன. ஒரு காலத்தில் மரணத்தையே எதிர்நோக்கியிருந்த இந்நோயாளருக்கு இது எத்தகைய விடுதலை என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் இச்சிகிச்சை பெரும்பாலும் பல அமர்வுகளைக் கேட்பது; இயந்திரங்களோ பெருநகரங்களில் இருப்பவை. இலங்கையின் கிழக்கிலுள்ள கிண்ணியா போன்ற ஊரில் வைத்தியசாலையை அடைவதே நெடுங்காலம் தனி வரலாறாக இருந்தது. தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் கூடும் நீர்ப்பரப்பைக் கடந்து திருகோணமலை செல்ல மக்கள் பாதை எனப்படும் மிதவையை நம்பியிருந்தனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை ஊரின் வைத்தியசாலையையும் அழித்தது. அந்நீர்ப்பரப்பின் மேல் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது.

கல் நீங்கினாலும் அழிந்த கணையம் மீள்வதில்லை. நாளம் விரிந்த நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சையே வலியை நன்கு குறைத்ததாக நெதர்லாந்து ஆய்வொன்று 2007 இல் காட்டியது. அதிர்வலையும் உள்நோக்கியும் சேர்ந்த சிகிச்சையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2024 இல் வெளிவந்த ஆய்விலோ, 12 வாரத்தில் தெரிந்த சிறு நிவாரணம் 24 வாரத்தில் நீடிக்கவில்லை. இன்சுலினும், செரிமான நொதி மாத்திரைகளும், கொழுப்பில் கரையும் விற்றமின்களும் பெரும்பாலான நோயாளிகளுக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவதால், பெருநகர இயந்திரத்துக்கு நிகராக, கிண்ணியாவில் மாதந்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு கிளினிக்கும் இம்மருத்துவத்தின் பகுதியே.